சிறு நகரக் கல்லூரி ஆசிரியருக்கு என்பிடெல் எவ்வளவு உதவும்?

மாவட்டத் தலைநகரிலிருந்து தள்ளியிருக்கும் ஒரு சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரியில் பணியாற்றும் உதவிப் பேராசிரியர், தம் பாடத்தில் மேலும் கற்க விரும்பினால், அவருக்கு முதலில் வேண்டியது நிர்வாகத்தின் அனுமதி. இரண்டு வாரப் பயிற்சிக்கு ஓ.டி. (பணிநிமித்தம் வெளியே செல்லும் அனுமதி) கேட்டால் அந்த வகுப்புகளை யார் எடுப்பார் என்ற கேள்வி எழும். இரண்டு மூன்று பேரே உள்ள துறையில் அதற்குப் பெரும்பாலும் விடை இருக்காது. யாருடைய கையொப்பமும் இல்லாமல் ஆசிரியர் தாமே சேர்ந்து படிக்கக்கூடியவற்றுள் நான் முதலிடம் தருவது, ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் முதலானோர் இணையவழியில் நடத்தும் என்பிடெல் படிப்புகளுக்குத்தான். கணிதம் கற்பிக்கும் நான் அவற்றில் பல பருவங்களாகப் படித்து வருகிறேன். துறையில் புதிதாகச் சேர்பவர்களுக்கும் பரிந்துரைத்து வருகிறேன்.

ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய இத்திட்டம், 2014 முதல் சான்றிதழ்ப் படிப்புகளை நடத்துகிறது. இப்போது அவை மத்திய அரசின் இணையக் கல்வித் தளமான ஸ்வயம் வழியே ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குகின்றன. படிப்புகள் 4, 8, 12 வாரங்கள் என மூன்று அளவில் உள்ளன. சேர்வதற்கும் காணொளிகளைப் பார்ப்பதற்கும் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் தேர்வுக்குப் பணம் கட்ட வேண்டும். அண்மைப் பருவங்களில் அது ஒரு படிப்புக்கு 1,000 ரூபாய். வாராந்தர ஒப்படைப்புகளுக்கு 25 மதிப்பெண், தேர்வு மையத்தில் நேரில் எழுதும் மூன்று மணி நேரத் தேர்வுக்கு 75 மதிப்பெண். முன்னதில் 10, பின்னதில் 30 பெற்றால்தான் சான்றிதழ் கிடைக்கும். பன்னிரண்டு வாரப் படிப்பில் சிறந்த எட்டு ஒப்படைப்புகளை மட்டும் கணக்கில் கொள்கிறார்கள். உள்தேர்வு வாரத்திலோ கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும் வாரத்திலோ ஒன்றிரண்டை விட்டுவிட்டாலும் முழு உழைப்பும் வீணாகாது என்பதால், வேலைப்பளு மிகுந்த ஆசிரியருக்கு இந்த ஏற்பாடு பெரிய ஆறுதல்.

இதன் உண்மையான பயன் கற்பித்தலின் ஆழத்தில் இருக்கிறது. முதுகலையில் நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்து கடந்துவந்த தேற்றத்தை, அத்துறையில் ஆய்வு செய்துவரும் ஒருவர் கரும்பலகையில் முதல் வரியிலிருந்து எழுதி, இந்த நிபந்தனையை நீக்கினால் எங்கே உடைகிறது என்று எதிர் எடுத்துக்காட்டுடன் காட்டும்போது, அதை மறுநாள் நம் மாணவருக்கு விளக்கும் முறையே மாறிவிடுகிறது. கணிதத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களோடு சென்னைக் கணிதவியல் கழகத்தைச் சேர்ந்தோரும் பாடம் நடத்துகிறார்கள்; அவர்கள் வகுப்பில் உட்காரும் வாய்ப்பு எங்கள் ஊரிலிருந்து படித்துவந்த பெரும்பாலோருக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. நம் கல்லூரிகளில் ஓர் ஆசிரியர் மற்றோர் ஆசிரியரின் வகுப்பைக் கவனிக்கும் வழக்கம் அருகிவிட்டது. எங்கே நிறுத்துகிறார், எந்த எடுத்துக்காட்டை முதலில் வைக்கிறார், எதை மாணவரிடமே விட்டுவிடுகிறார் என்பதையெல்லாம் உடனிருந்து பார்ப்பதற்கு, என்பிடெல் காணொளிகளைப் போல எளிதாகக் கிடைக்கும் வேறொன்றை நான் அறியேன்.

குறைகளும் உண்டு. ஒப்படைப்புகள் பெரும்பாலும் கொள்குறி வினாக்களாகவே இருப்பதால், நிறுவல் எழுதும் பழக்கத்தை அவை சோதிப்பதில்லை. அதைத் தனியே நோட்டில் எழுதிப் பார்க்காதவருக்கு மதிப்பெண் வரும், பாடம் முழுமையாக வராது. பல படிப்புகள் முன்பு பதிவு செய்த காணொளிகளோடே மீண்டும் ஓடுகின்றன. அடிப்படைக் கணிதத்தில் இதனால் இழப்பில்லை. கணினித் துறையினர் மட்டும் எந்த ஆண்டுப் பதிவு என்று பார்த்துச் சேர்வது நல்லது. விவாதப் பகுதியில் கேட்கும் ஐயத்துக்கு விடை வரும் வேகம் படிப்புக்குப் படிப்பு வேறுபடுகிறது. பேச்சின் எழுத்துவடிவம் பல படிப்புகளுக்குத் தமிழிலும் கிடைப்பது, தமிழ்வழி வகுப்பு எடுக்கும் ஆசிரியருக்குக் கலைச்சொல் தேடும் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. தமிழ் இலக்கியம், வரலாறு போன்ற துறையினருக்கு அறிவியல் துறையினருக்கு இருக்கும் அளவுக்குத் தெரிவுகள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

எனக்குள்ள பெரிய மனக்குறை தேர்வுக் காலத்தைப் பற்றியது. ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பர் ஒட்டியும் வார இறுதிகளில் நடக்கும் இத்தேர்வுகள், நம் கல்லூரிகளின் பருவத் தேர்வுப் பணியோடு மோதுகின்றன. வாரம் முழுவதும் தேர்வறைக் கண்காணிப்பு, தொடர்ந்து விடைத்தாள் திருத்தம் என்று நிற்பவர், சனிக்கிழமை அடுத்த ஊருக்குப் பயணம் செய்து மூன்று மணி நேரம் தேர்வு எழுதுவது கடினம். இதை முன்கூட்டியே எண்ணி, அந்தப் பருவத்தில் ஒரே ஒரு படிப்புக்கு மட்டும் பணம் கட்டுவது நலம்.

சான்றிதழின் மதிப்பைப் பொறுத்தவரை, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் உதவிப் பேராசிரியரின் முதல் பணிமேம்பாட்டுக்குக் கோரும் பயிற்சிகளில், ரெஃப்ரெஷர் என்னும் பாடப் புத்தாக்கப் பயிற்சிக்கு மாற்றாகச் சான்றிதழுடன் கூடிய இணையவழிப் படிப்பை ஏற்கின்றன. ஆனால் கற்பித்தல் முறை பற்றிய 21 நாள் ஓரியண்டேஷன் பயிற்சிக்கு இது ஈடாகாது. அதைப் பெரும்பாலும் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்களில் முடிக்கிறார்கள். மனிதவள மேம்பாட்டு மையங்கள் என்ற பெயரில் இயங்கி 2023இல் பெயர் மாறிய இம்மையங்கள், தமிழகத்தில் சென்னை, பாரதியார், பாரதிதாசன், மதுரை காமராசர் பல்கலைக்கழகங்களில் உள்ளன.

பணமும் ஆய்வகமும் வேண்டுவோருக்கு என்பிடெல் எதுவும் செய்ய இயலாது. கல்லூரி ஆசிரியர் பலருக்கு முதல் படியாக இருந்த மானியக் குழுவின் சிறு ஆய்வுத் திட்ட நிதி, 12ஆம் ஐந்தாண்டுத் திட்டத்தோடு நின்றுபோனது சிறு கல்லூரிகளுக்கு நேர்ந்த பெரிய இழப்பு. அதன் இடத்தை ஓரளவு நிரப்புவது, அறிவியல், பொறியியல் ஆய்வு வாரியம் தொடங்கிய ‘டேர்’ திட்டம். தம் கல்லூரிப் பணியை விடாமலே ஓர் ஐ.ஐ.டி.யிலோ தேசிய ஆய்வகத்திலோ மூன்று ஆண்டுகள் ஆய்வில் இணைந்திருக்க அது வழி செய்தது. வாரியம் நடத்தியபோது ஆண்டுக்கு 60,000 ரூபாய் உதவித்தொகையும், இரு நிறுவனங்களும் சமமாகப் பகிரும் 5 லட்சம் ரூபாய் ஆய்வு நிதியும் அதில் இருந்தன. ஆனால் வயது வரம்பு 45, நிரந்தரப் பணியும் கல்லூரியின் தடையின்மைச் சான்றும் வேண்டியிருந்தன. வாரியத்தின் பணிகள் இப்போது அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளையின்கீழ் வந்துவிட்டதால், அறிவிப்புகளை அங்கேதான் பார்க்க வேண்டும். மூன்று அறிவியல் அகாதெமிகள் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடை ஆய்வு உதவித்தொகை ஆசிரியர்களுக்கும் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரிவதே இல்லை.

புதிதாகச் சேர்பவர் எதில் தொடங்கலாம் என்று கேட்டால், தம் பாடத்தில் எட்டு வாரப் படிப்பு ஒன்றையும், வேறொரு பருவத்தில் இந்திய அறிவியல் கழகத்தின் என். ஜே. ராவ் முன்னின்று உருவாக்கிய, பொதுப் பட்டப்படிப்புகளில் கற்பித்தலும் கற்றலும் பற்றிய படிப்பையும் சொல்வேன். பொறியியல் கல்லூரிகளுக்கு வெளியே கலை, அறிவியல், வணிகவியல் வகுப்பறையை மனத்தில் கொண்டு அமைந்த படிப்பு அது. பாட நோக்கம், வினா அமைப்பு, மதிப்பீடு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தியிருக்க வேண்டும் என்பதை அது பொறுமையாகக் கற்றுத்தருகிறது.