பட்டியலா, படகா, கணினியா: பனிப்பாறை ஏரிகளின் ஆபத்தை எப்படி அளப்பது?

2023 அக்டோபர் 3 இரவு சிக்கிமில், பனிப்பாறை உருகித் தேங்கிய தெற்கு லோனாக் ஏரி உடைந்தது. ஏரியை ஒட்டிய உறைமண் (ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் மண்) சரிவு ஒன்று தண்ணீருக்குள் சரிய, எழுந்த அலை கரையை அறுத்துவிட்டது. கீழே சுங்தாங்கில் 1,200 மெகாவாட் தீஸ்தா-3 மின்திட்டத்தின் அணை அடித்துச் செல்லப்பட்டது. 2024 ஆகஸ்ட் 16-ல் நேபாளத்தின் தாமே கிராமத்துக்குள் இன்னொரு ஏரியின் வெள்ளம் புகுந்தது. லோனாக் ஆபத்தானது என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்தது. தாமேக்கு மேலிருந்த சிறு ஏரியோ ஆபத்தான ஏரிகளின் பட்டியலிலேயே இல்லை. ஆபத்தைக் கணிக்கும் முறைகளை உரசிப் பார்க்க இந்த இரண்டையும்விடப் பொருத்தமான உரைகல் கிடையாது என்பேன்.

முதல் முறை செயற்கைக்கோள் பட்டியல். இமயமலைப் பகுதியை ஆராயும் இசிமோட் அமைப்பும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் 2020-ல் கோசி, கண்டகி, கர்னாலி ஆற்றுப் படுகைகளில் 3,624 ஏரிகளைக் கணக்கெடுத்து, அவற்றில் 47 ஆபத்தானவை என்றன. திபெத்தில் 25, நேபாளத்தில் 21, இந்தியாவில் 1. நாட்டு எல்லைகளைத் தாண்டி இப்படி ஒரே பார்வையில் பார்க்க வேறு எந்த முறையாலும் முடியாது. ஆனால் மேலிருந்து தெரிவது ஏரியின் பரப்பளவுதான், ஆழம் அல்ல. பரப்பை வைத்துக் கொள்ளளவை ஊகிக்கும் சூத்திரங்கள் பெரிதாகப் பிசகக்கூடும். பெரிய ஏரிகளுக்கே கவனம் போவதால் சிறியவை பின்வரிசைக்குத் தள்ளப்படுகின்றன. தாமே அங்கேதான் தவறிப்போனது.

இரண்டாவது முறையில் ஆள் நேரே போக வேண்டும். படகிலிருந்து ஒலியலைகளை அனுப்பும் சோனார் கருவியால் ஆழம் அளப்பார்கள். ஏரியைத் தாங்கி நிற்கும், பனிப்பாறை விட்டுச்சென்ற கல்லும் மண்ணுமான மொரைன் மேட்டுக்குள் பனிக்கட்டி புதைந்திருக்கிறதா என்று மின்தடை அளவீட்டால் தேடுவார்கள். அந்தப் பனி உருகினால் கரை உள்ளிருந்தே தளர்ந்துவிடும். நேபாளத்தில் 2000-ல் சோ ரோல்பா ஏரியின் நீர்மட்டம் 3 மீட்டர் குறைக்கப்பட்டது, 2016-ல் இம்ஜா ஏரியில் 3.4 மீட்டர். கரையை வெட்டி நீரை வடிக்கும் இத்தகைய வேலையைக் கள அளவீடு இல்லாமல் தொடங்குவது தற்கொலைக்குச் சமம். ஆனாலும் 5,000 மீட்டர் உயரத்தில், குறுகிய பருவத்துக்குள், ஓர் ஏரியை முடித்துத்தான் அடுத்ததற்குப் போக முடியும்.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது மூன்றாவது முறையான கணினி உருவகம்தான். சரிவு விழுகிறது, அலை எழுகிறது, கரை உடைகிறது, வெள்ளம் இறங்குகிறது என்று சங்கிலி முழுவதையும் அது ஓட்டிப் பார்க்கிறது. எத்தனை நிமிடத்தில் வரும், எவ்வளவு உயரம் வரும் என்ற கீழே வாழ்பவரின் கேள்விக்கு இது மட்டுமே நேராகப் பதில் சொல்லும். குறையும் உண்டு. வெறும் தண்ணீர் ஓடுவதாகக் கணக்குப் போட்டால் விடை தப்பிவிடும். லோனாக்கிலிருந்து வெளியேறிய நீர் சுமார் 5 கோடி கன மீட்டர். வழியில் அது அரித்த மண்ணும் கல்லும் சுமார் 27 கோடி கன மீட்டர்! ஓடியது ஆறு அல்ல, கல்லும் சேறும் கலந்த குழம்பு.

பணம் குறைவு என்றால் என் வரிசை இது. செயற்கைக்கோள் ஏரியின் அளவைக் காட்டிலும் அதன் மேலுள்ள சரிவுகளை முதலில் கவனிக்கட்டும். மேகத்தை ஊடுருவும் ரேடார் படங்களில் மலைச்சரிவு மெல்ல நகர்வது தெரியும். லோனாக்கில் 2016-ல் குழாய்கள் போட்டு நீரை வடித்தார்கள், ஆபத்தோ பக்கவாட்டுச் சரிவிலிருந்து வந்தது. அடுத்து, கீழே ஊரோ அணையோ இருக்கும் ஒவ்வோர் ஏரிக்கும், சிறியதானாலும், தரவு கரடுமுரடானாலும், உருவகத்தை ஓட்ட வேண்டும். நீரை வடிக்கத் தீர்மானித்த ஏரிக்குப் படகு போகட்டும்.

தாமேயில் வெள்ளம் பகலில் வந்தது. மக்கள் மேட்டுக்கு ஓடினார்கள், யாரும் சாகவில்லை. தீஸ்தா கரையில் அது வந்தபோது ஊர் உறங்கிக்கொண்டிருந்தது.