உர்க்கா, ஃபோலன்டாமா? கடல் போன பிறகும் பிழைத்த இரண்டு மீன்பிடி ஊர்கள்

நெதர்லாந்து போகிறவர்களுக்கு மீன்பிடித் துறைமுகம் என்றால் முதலில் காதில் விழும் பெயர் ஃபோலன்டாம். ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் உர்க்குக்குப் போவதே மேல்.

இரண்டு ஊரும் சவுடர்சே என்ற உப்புநீர் உள்கடலை நம்பி வாழ்ந்தவை. 1932 மே 28 அன்று, 32 கிலோமீட்டர் நீள அஃப்ஸ்லவுட்டைக் அணை அந்தக் கடலின் வாயை அடைத்தது. தண்ணீர் மெல்ல நன்னீரானது. ஹெர்ரிங்கும் நெத்திலியும் மறைந்தன, விலாங்கு மிஞ்சியது. அதற்குப் பிறகு இரண்டு ஊரும் வேறு வேறு வழியில் போயின.

ஃபோலன்டாம் தன் தோற்றத்தை வைத்துப் பிழைத்தது. 1881-லேயே அங்கே ஸ்பான்டர் ஹோட்டல் வந்துவிட்டது. தங்கிய ஓவியர்கள் விட்டுப்போன படங்கள் இன்றும் அதன் சுவர்களில் தொங்குகின்றன. கூர்முனை வெள்ளைத் தொப்பியும் கோடுபோட்ட பாவாடையும் அணிந்து படம் எடுத்துக்கொள்ளும் ஸ்டூடியோக்கள் கரையோரத்தில் வரிசையாக இருக்கின்றன. ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரலின் பின்பக்க பஸ் நிலையத்தில் 316-ஆம் எண் பஸ் ஏறினால் அரை மணி நேரம்தான். நண்பகலில் சுற்றுலா பஸ்கள் குவிந்து கரையில் நடக்கவே இடம் இருக்காது, காலையிலேயே போய்விடுங்கள். புகையூட்டிய விலாங்கு ரொட்டியோடு சாப்பிட்டுவிட்டு, படகில் பக்கத்து ஊரான மார்க்கனுக்குப் போய், அங்கிருந்து 315-ஆம் எண் பஸ்ஸில் திரும்பலாம். அரை நாள் போதும்.

உர்க் அப்போது தீவு. 1939-இல் கரையோடு இணைந்தது, 1942-இல் சுற்றியிருந்த கடலடி வடகிழக்குப் போல்டர் என்ற விளைநிலமானது. ஆனாலும் அந்த ஊர்க்காரர்கள் வலையைக் கீழே வைக்கவில்லை; வட கடலுக்குப் போய் நாக்கு மீன், பிளைஸ் போன்ற தட்டை மீன்களைப் பிடித்தார்கள். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்: பெரிய விசைப்படகுகள் மீனைக் கரையேற்றுவதைப் பார்க்கலாம் என்று வருவார்கள். அவை ஹார்லிங்கன், டென் ஹெல்டர் போன்ற துறைமுகங்களில் இறக்குகின்றன. மீன் லாரியில் உர்க் ஏலக்கூடத்துக்கு வருகிறது. அறுத்து, தோலுரித்து, பதப்படுத்தி அனுப்பும் ஆலைகள்தான் ஊரின் உயிர். மின்துடிப்பால் கடலடித் தட்டை மீன்களைக் கிளப்பிப் பிடிக்கும் இழுவலையை ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் முழுமையாகத் தடை செய்தபோது இந்த ஊருக்குப் பலத்த அடி.

பார்க்க வேண்டியது கலங்கரை விளக்கத்தைச் சுற்றிய பழைய ஊர். கின்கி எனப்படும் சந்துகள் இருவர் எதிர்ப்பட்டால் ஒதுங்கும் அளவுக்கே அகலம். 1786-இல் கட்டிய கடலோரத் தேவாலயத்துக்கு அருகே மீனவர் நினைவிடம்: காற்றில் பாவாடை பறக்க நிற்கும் ஒரு பெண், சுற்றிலும் கடலில் உயிரிழந்தவர்களின் பெயர்ப் பலகைகள். ஒரே குடும்பப் பெயர் திரும்பத் திரும்ப வரும். வயதையும் சேர்த்துப் படியுங்கள். பதின்பருவச் சிறுவர்களும் உண்டு. அவசரமாகக் கடந்துபோகக் கூடாத இடம் அது.

ஞாயிற்றுக்கிழமை உர்க் போகாதீர்கள். கட்டுப்பாடான புராட்டஸ்டன்ட் ஊர். கடைகளும் உணவகங்களும் மூடியிருக்கும். கத்தோலிக்க ஃபோலன்டாமில் அந்தச் சிக்கல் இல்லை. உர்க்கில் ரயிலும் இல்லை: ஸ்வோலா வரை ரயில், அங்கிருந்து காம்பன் என்ற ஊர் வழியாக பஸ், ஆம்ஸ்டர்டாமிலிருந்து 2 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கோடையில் மட்டும் எங்கஹவுசனிலிருந்து பயணிகள் படகு உண்டு, அட்டவணையை முன்பே பாருங்கள். கார் இருந்தால் பக்கத்திலுள்ள ஸ்கோக்லண்டையும் சேர்த்துக்கொள்ளலாம்: அரசு 1859-இல் காலி செய்ய வைத்த தீவு, இப்போது வயல்வெளி நடுவில் மேடாக நிற்கிறது.