வீட்டுக்கு வந்து ஓடிபி கேட்டால் கொடுக்காதீர்கள்: தொப்புள்கொடி ரத்தம் சேமிப்பு பற்றி ஓர் எச்சரிக்கை

சென்னையில் முதல் குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் முதலில் ஒன்று. தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைக்கிறோம் என்று வருகிறவர்களிடம் ஆதார், பான், ஓடிபி எதையும் கொடுத்துவிடாதீர்கள். அந்த ரத்தத்தில் இருக்கும் ஸ்டெம் செல் (புது ரத்த அணுக்களை உருவாக்கும் மூல செல்) தேவையா இல்லையா என்பதெல்லாம் அப்புறம். எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, ‘சும்மா ரெஜிஸ்ட்ரேஷன்தான் சார்’ என்று சொல்லி, என் கணவர் பெயரில் 56,001 ரூபாய்க்குக் கடன் போட்டுவிட்டு, அம்மா கொடுத்த காபியையும் குடித்துவிட்டுப் போனார் ஒருவர். வழக்கு போடுவதாக இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, கமெண்டிலும் கேட்காதீர்கள்.

தொடங்கியது அண்ணா நகரில் ஒரு ஹாலில் நடந்த இலவச வகுப்பில். கர்ப்பிணிகளுக்கானது. மூச்சுப் பயிற்சி, எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பது, வலி வந்தால் எப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது, பையில் என்னென்ன எடுத்து வைப்பது என்று ஒரு அக்கா அழகாகச் சொல்லிக்கொடுத்தார். வகுப்பைக் குறை சொல்ல மாட்டேன். முடியும்போது குலுக்கல் என்று ஒரு சீட்டைக் கையில் கொடுத்தார்கள். பெயர், மொபைல் நம்பர், டியூ டேட், எந்த டாக்டர், எந்த ஆஸ்பத்திரி. பரிசு டயபர் பாக்கெட். அங்கே வந்திருந்த எல்லாரும் எழுதிக்கொடுத்தோம். அந்தச் சீட்டுகளுக்காகத்தான் அந்த ஹாலுக்கு வாடகை கட்டி ஏசி போட்டு எங்களுக்கு சமோசாவும் கொடுத்தார்கள் என்பது அடுத்த வாரம் போன் வர ஆரம்பித்தபோது புரிந்தது.

போனில் பேசிய பெண் எடுத்ததும் எங்கள் டாக்டரின் பெயரைச் சொன்னார். “அவங்க பேஷண்ட்டுக்குத்தான் மேடம் இந்த ப்ரோக்ராம், ஒரு கவுன்சலரை வீட்டுக்கு அனுப்பறோம், கேட்டுட்டு முடிவு பண்ணுங்க, காசெல்லாம் எதுவும் வேண்டாம்.” டாக்டர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள் என்று யாராக இருந்தாலும் நினைப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். டை கட்டியிருந்தார், கையில் டேப்லெட். நான் அப்போது கொளத்தூரில் எங்கள் வீட்டில் இருந்தேன், அப்பா அம்மா பார்க்க வந்திருந்தார்கள், மாமியாரும் இருந்தார். அவர் பேசியது என்னிடம் இல்லை, பெரியவர்களிடம். அப்பாவைப் பார்த்து, “ஐயாவுக்கு சுகர் இருக்கா?” என்றார். இருக்கிறது என்றதும், “நாளைக்கு உங்க பேரப்பிள்ளையோட ஸ்டெம் செல்லாலயே அதைச் சரி பண்ணிடலாம்” என்றார். மாமியாரிடம் மூட்டு வலி. என்னிடம் வரும்போது குரலை இறக்கிக்கொண்டு ரத்தப் புற்றுநோய், தலசீமியா, ஆட்டிசம் என்று படம் படமாகத் தள்ளிக் காட்டினார். எண்பதுக்கும் மேற்பட்ட நோய்களுக்கு இது தீர்வு, பிரசவ நேரத்தில் விட்டால் வாழ்நாளில் திரும்பக் கிடைக்காது, ‘நாளைக்குக் குழந்தை கேட்டா என்ன மேடம் பதில் சொல்லுவீங்க’ என்றார். ஏழாம் மாதத்தில் இருக்கும் ஒருத்தியிடம் கேட்கிற கேள்வியா இது? எனக்கு இப்போதும் இந்த ஒரு வரிக்குத்தான் கோபம் அதிகம், பணத்தைவிட.

விலை 75,000, ‘இன்னைக்கு மட்டும்’ 58,000. யோசித்துச் சொல்கிறோம் என்றார் என் கணவர். அதற்கு அவர், “யோசிங்க சார், தாராளமா யோசிங்க, ஆஃபரை மட்டும் பிளாக் பண்ணி வச்சுக்கலாம், 1,999 டோக்கன், வேண்டாம்னா ஃபுல் ரிஃபண்ட்” என்றார். ஜிபேயில் 1,999 போனது. பிறகு கேஒய்சி என்று ஆதார், பான், ஒரு செல்ஃபி. ஓடிபி வந்தது, ரெஜிஸ்ட்ரேஷன் ஓடிபி என்று கேட்டு வாங்கி அவரே டேப்லெட்டில் அடித்துக்கொண்டார். திரையை எங்கள் பக்கம் திருப்பவே இல்லை. ராத்திரி சாப்பிட்டு முடித்தபோது ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியிலிருந்து எஸ்எம்எஸ்: 56,001 ரூபாய் கடன் அங்கீகரிக்கப்பட்டது, 24 மாதத் தவணை, மாதம் 2,333 ரூபாய், உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும்.

ஒப்பந்தம் என்ற பிடிஎஃப் அதற்கும் பிறகுதான் மெயிலில் வந்தது. பணம் வாங்கியபிறகு நிபந்தனையை அனுப்புவது என்ன முறையோ. படித்துப் பார்த்தால் கிட்டுக்கும் (ரத்தம் சேகரிக்கும் பெட்டி) பதிவுக்கும் சேர்த்து 15,000 திருப்பித் தரப்படாது என்று இருக்கிறது. எடுத்த ரத்தத்தில் போதுமான செல் இருக்கும் என்றோ பின்னால் சிகிச்சைக்குப் பயன்படும் என்றோ உத்தரவாதம் இல்லை என்று இருக்கிறது. அப்பாவின் சர்க்கரையைப் பற்றி ஒரு வரி இல்லை. சண்டை என்றால் வேறு மாநிலத்து நீதிமன்றத்துக்கு வர வேண்டுமாம். சோபாவில் சொன்ன ‘ஃபுல் ரிஃபண்ட்’ எங்குமே இல்லை. மறுநாள் காலையில் வேண்டாம் என்று போன் செய்தால், ‘கிட் டிஸ்பாட்ச் ஆயிடுச்சு சார், இனிமே கேன்சல் பண்ண முடியாது’ என்றார்கள். சாயங்காலமே தெர்மோகோல் பெட்டி வாசலில் இருந்தது. வேறு எதற்கும் இந்த வேகம் அவர்களிடம் இல்லை என்பதையும் பின்னால் பார்த்தோம்.

அடுத்த செக்கப்பில் டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டோம். அவர் சிரிக்கவில்லை. “நான் யாரையும் அனுப்பலைம்மா. என் பேரைச் சொல்லி இப்படி வித்துக்கிட்டிருக்காங்கன்னு ஏற்கெனவே ரெண்டு மூணு பேர் சொல்லிட்டாங்க” என்றார். வெளியே பத்துப் பதினைந்து பேர் காத்திருந்தும் பொறுமையாகச் சொன்னார். தலசீமியா போன்ற பிறவிக் கோளாறு ஒரு குழந்தைக்கு இருந்தால் அதன் தொப்புள்கொடி ரத்தத்திலும் அதே கோளாறான மரபணுதான் இருக்கும், அதை அதே குழந்தைக்கு ஏற்றி என்ன பயன்? குழந்தைப் பருவத்து ரத்தப் புற்றுநோயிலும் சொந்த ரத்தத்தை நம்ப மாட்டார்கள், அதிலேயே புற்றுநோய்க்கான மாற்றம் இருந்திருக்கலாம். அவர்கள் காட்டும் அந்த எண்பது நோய்ப் பட்டியலில் பெரும்பாலானவற்றுக்கு இன்னொருவருடைய செல்தான் கொடுக்கிறார்கள். 1988-ல் பாரிஸில் நடந்த முதல் தொப்புள்கொடி ரத்த மாற்றுச் சிகிச்சையிலேயே ஃபான்கோனி அனீமியா என்ற பிறவி ரத்த நோய் இருந்த ஒரு சிறுவனுக்குக் கொடுத்தது அவனுடைய தங்கையின் ரத்தம். ஒரு கொடியில் கிடைக்கும் செல்கள் பெரும்பாலும் பெரியவர் ஒருவருக்குப் போதவும் போதாது, ஆக அப்பாவும் மாமியாரும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. தலசீமியா பயம் இருந்தால் கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே அம்மாவுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் அப்பாவுக்கும். எனக்கு அது மூன்றாம் மாதமே எடுத்தாகிவிட்டது, நார்மல் என்று ஃபைலைப் புரட்டிக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து நானும் தேடிப் படித்தேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பிற்காலத்தில் தனக்கே பயன்படும் என்று தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று சொல்லியிருக்கிறது. மூத்த குழந்தைக்கு இந்த செல்களால் குணப்படுத்தக்கூடிய நோய் இருந்து, அடுத்த பிரசவம் வருகிறது என்றால் மட்டும் தனியாகச் சேமிக்கலாம் என்கிறது. அப்படிப்பட்ட குடும்பத்துக்கு இந்தப் பதிவு பொருந்தாது, அவர்கள் தங்கள் டாக்டரோடு பேசி முடிவு செய்யட்டும். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2018-ல் வெளியிட்ட அறிக்கை, முதல் 20 வருடத்தில் சொந்த ரத்தம் தேவைப்படும் வாய்ப்பு 2,500-ல் ஒன்று முதல் 2 லட்சத்தில் ஒன்று வரை என்கிறது. வந்தவர் காட்டிய அரசு லைசென்ஸ் உண்மையானதுதான். ஆனால் அது ரத்தத்தை எடுத்துப் பதப்படுத்தி வைப்பதற்கான லைசென்ஸ், நீங்கள் வைக்க வேண்டும் என்று அரசு சொல்கிற கடிதம் இல்லை.

இன்னொரு விஷயம், இதை ஒரு விற்பனையாளரும் சொல்ல மாட்டார். குழந்தை பிறந்ததும் கொடியை உடனே கட்டாமல் குறைந்தது ஒரு நிமிடமாவது விட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த நேரத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து குழந்தைக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கும், இரும்புச்சத்துக்கு நல்லது. அப்படி விட்டால் பையில் சேகரிக்கக் கிடைப்பது குறையும். பணம் கொடுத்து ஃப்ரீசரில் வைக்கச் சொல்லும் அதே ரத்தம், கொஞ்சம் பொறுத்தால் காசில்லாமல் குழந்தையின் உடம்புக்கே போய்விடும்! எங்கள் டாக்டரம்மா, “நான் ஒரு நிமிஷம் கழிச்சுதான் கட்டுவேன், மிச்சம் இருந்தா அவங்க எடுத்துக்கட்டும்” என்றார். பெட்டிக்குள் இருந்த ஃபார்மில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

அப்புறம் பணத்துக்கு நடந்த அலைச்சல். ஸ்டெம் செல் கம்பெனியைக் கேட்டால் கடன் கொடுத்தவரிடம் கேளுங்கள், கடன் கொடுத்தவரைக் கேட்டால் அவர்கள் கேன்சல் அனுப்பினால்தான் முடியும். முதல் தவணையும் கணக்கிலிருந்து போய்விட்டது. அதை நிறுத்திவிடலாம் என்று நாத்தனார் சொன்னார், செய்யவில்லை, பவுன்ஸ் ஆனால் வங்கி அபராதம் போடும், சிபிலிலும் விழும். உங்களுக்கு இப்படி நடந்தால் அதே ராத்திரியே கடன் கம்பெனிக்கு மெயில் போடுங்கள், போனில் பேசிக்கொண்டிருக்காதீர்கள். ஆன்லைன் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி ‘கூலிங் ஆஃப்’ காலம் என்று ஒன்று உண்டு, குறைந்தது ஒரு நாளாவது இருக்க வேண்டும். அதற்குள் அசலையும் அதுவரைக்குமான வட்டியையும் கட்டிவிட்டு அபராதமில்லாமல் வெளியே வரலாம். கடனின் முழு விவரம் உள்ள தாளையும் கையெழுத்துக்கு முன்பே தந்திருக்க வேண்டும். எங்களுக்குத் தரவில்லை என்பதை மெயிலில் எழுதினோம், அவர்கள் அதற்கு மட்டும் பதிலே சொல்லவில்லை. முப்பது நாளில் சரியான பதில் வரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரம் கேட்க எண் 14448.

அசைந்தது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்த பிறகுதான். அதுவரை ‘டீம்கிட்ட சொல்லிட்டேன் மேடம்’ என்று இழுத்தவர்கள் தாங்களாகவே கூப்பிட்டார்கள். இதே டை கட்டிய தம்பி வேறு, “பாப்பாவுக்காக ஒரு பேசிக் ப்ளானாவது வச்சுக்கோங்க, சார்ஜ் கம்மி பண்றோம்” என்று வாட்ஸ்அப்பில் ஆரம்பித்தார். அவரிடம் பேசியதை எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறோம், நீங்களும் எடுத்து வையுங்கள், வகுப்பில் கொடுத்த நோட்டீஸ் உட்பட. பெட்டியைப் பிரிக்காமல் சீலோடு போட்டோ எடுத்தோம். கடைசியில் கடனை மூடிவிட்டார்கள், பாக்கி இல்லை என்ற கடிதமும் வந்தது. கடிதத்தோடு விடாமல் சிபில் ரிப்போர்ட்டில் மூடப்பட்டதாகக் காட்டுகிறதா என்று என் கணவர் பார்த்தார், காட்டுகிறது. ஆனால் டோக்கன் 1,999-ம் முதல் தவணை 2,333-ம் அவர்களிடமே இருக்கிறது, கிட் செலவு என்று 15,000-ல் மீதியையும் கேட்டு மெயில் வருகிறது. பெட்டியை எடுத்துக்கொண்டு போங்கள் என்றால் எடுக்கவும் மாட்டேன் என்கிறார்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயார். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம், ஒப்பந்தத்தில் எந்த ஊர் நீதிமன்றம் எழுதியிருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. என் கணவருக்கு இந்த வாரமே போட்டுவிட வேண்டும். எனக்கு ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டது, பெரம்பூரில் அம்மா வீட்டுக்கு வந்தாகிவிட்டது, குழந்தை பிறந்து பெயர் வைத்த பிறகு போடலாம் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு வருடம் வரை நேரம் இருக்கிறது.