ரிச்சி தெரு மானிட்டர் சர்வீஸ்: நம்பிக் கொடுக்கலாம், கலர் வேலை செய்பவர்கள் மட்டும் கொஞ்சம் கவனம்

திருவல்லிக்கேணியில் டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கண்ணீர் அஞ்சலி எல்லாம் செய்வோம். வைகாசி முகூர்த்தங்களுக்கு ப்ரூஃப் ஓடிக்கொண்டிருந்த நேரம் பார்த்து 22 இன்ச் மானிட்டர் மக்கர் பண்ணியது. ஆன் செய்தால் படம் வரும், இரண்டு நொடியில் திரை கறுத்துவிடும். பவர் லைட் மட்டும் பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "பேனல் போச்சு சார்" என்று, படம் காட்டும் திரையையே மாற்ற ஒரு தொகை சொன்னார்கள். அதோடு கொஞ்சம் சேர்த்தால் புதுசே வாங்கிவிடலாம்.

அப்புறம்தான் இந்தக் கடைக்குப் போனேன். ரிச்சி தெருவிலிருந்து நரசிங்கபுரம் தெருப் பக்கம் திரும்பினால் ஒரு மாடியில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. கீழே கேபிள் விற்பவரிடம் "மானிட்டர் பார்க்கிறவர்" என்றால் படிக்கட்டைக் காட்டுவார். உட்கார நாற்காலி எல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

எனக்குப் பிடித்தது, அவர் எல்லாவற்றையும் நம் கண்ணெதிரே பார்ப்பதுதான். முதலில் என் கேபிளை ஓரமாக வைத்துவிட்டு அவருடைய கேபிளில், அவருடைய கம்ப்யூட்டரில் மாட்டினார். அதே கதை. "கேபிளும் இல்ல, உங்க கிராஃபிக்ஸ் கார்டும் இல்ல" என்றார். அடுத்து மேஜை லைட்டை அணைத்துவிட்டு, கறுத்த திரை மேல் செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தார். உற்றுப் பார்த்தால் உள்ளே ஐகான்கள் மங்கலாகத் தெரிந்தன! "படம் இருக்கு சார், வெளிச்சம்தான் இல்ல. பேனல் நல்லாத்தான் இருக்கு."

ஸ்க்ரூடிரைவரால் நெம்பாமல், ஒரு பழைய ஏடிஎம் கார்டை விளிம்பில் செருகி நகர்த்தி நகர்த்தியே சட்டத்தைக் கழற்றினார். பவர் போர்டில் கண்டன்சர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் தட்டையாகவே இருந்தன. பிறகு டெஸ்டரை வைத்ததும் கீழ் விளிம்பில் ஓடும், திரைக்கு வெளிச்சம் தரும் எல்இடி ஸ்ட்ரிப்பில் பாதி எரிந்தது, பாதி எரியவில்லை. வரிசையாகக் கோத்த எல்இடிகளில் ஒன்று அறுந்தாலும் அந்த வரிசை முழுவதும் அணைந்துவிடுமாம். அதைப் பார்த்து போர்டு தற்காப்புக்காக மொத்த வெளிச்சத்தையும் நிறுத்திவிடுகிறது. அந்த இரண்டு நொடிக் கணக்கு அதுதான்.

நான் நிற்கும்போதே ஒரு கல்லூரிப் பெண் லேப்டாப்போடு வந்தாள். மூடியை அசைத்தால் திரை மினுக்கியது. வேறொரு கடையில் ஸ்கிரீன் மாற்ற விலை கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். இவர் டிவியில் மாட்டிப் பார்த்தார், அதில் படம் சுத்தமாக வந்தது. கீல் வழியாகப் போகும் கேபிள் தேய்ந்திருக்கும், முதலில் அதை மாற்றிப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார். பெரிய வேலையாகக் காட்டிக் காசு பார்த்திருக்கலாம். போனில் ஒருவர் திரையில் கோடு என்றதற்கு, மானிட்டரின் சொந்த மெனுவைத் திறக்கச் சொன்னார். மெனு மேலேயும் கோடு ஓடினால் மானிட்டரில் கோளாறு, மெனு சுத்தமாக இருந்தால் கேபிளையோ கார்டையோ பார்க்க வேண்டும். கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

திறந்து பார்க்க 200 ரூபாய். வேலை கொடுத்தால் அதைக் கழித்துக்கொள்கிறார். ஸ்ட்ரிப்போடு சேர்த்து எனக்கு 1,400 ஆனது.

இனி குறைகள். மறுநாள் மாலை என்றவர் அதற்கும் மறுநாள்தான் கொடுத்தார், இடையில் போனும் எடுக்கவில்லை. பில் கிடையாது, துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். கேரண்டி ஒரு மாதம்தான். திறந்து மூடியதில் வலது மூலையில் கடுகளவு தூசி உள்ளே மாட்டிக்கொண்டது. வெள்ளைப் பக்கம் திறந்தால் தெரிகிறது. எனக்கு முக்கியமான குறை வேறு: புது ஸ்ட்ரிப்பின் வெள்ளையில் நீலம் ஏறியிருக்கிறது. சந்தன நிற அட்டைக்கு வைத்த பின்னணி திரையில் சாம்பல் அடித்தாற்போல் இருந்தது. மெனுவில் நீலத்தைக் குறைத்து, பழைய பிரிண்ட் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்த்துச் சரிசெய்தேன். எக்செல், டைப்பிங் வேலைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. போட்டோ, கலர் வேலை என்றால் ஸ்ட்ரிப் போடும் முன்பே வெள்ளை எப்படி வரும் என்று கேட்டுவிடுங்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். விழுந்து உடைந்த பேனலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், கையில் வாங்கவே மாட்டார். தனி அடாப்டர் உள்ள மாடல் என்றால் அதையும் கொண்டு போங்கள், எல்லா மாடலுக்கும் அவரிடம் கிடையாது. ஞாயிறு விடுமுறை.