மெர்லின் செயலி: தெளிவில்லாத படமும் பறவையின் பெயரும்

கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2014-இல் வெளியிட்ட மெர்லின் செயலியை நான் பெரும்பாலும் ஒரே வேலைக்குத்தான் திறக்கிறேன்: பெயர் தெரியாத பறவையை எப்படியோ படம் எடுத்துக்கொண்டு வந்தபின், அது எதுவென்று தேடுவதற்கு. குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் வசதி 2021-இல் சேர்ந்தது; அதைப் பலரும் புகழ்ந்தாயிற்று என்பதால் ஒளிப்படப் பகுதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கட்டணம் கிடையாது. தேவையான பகுதியின் பறவைத் தொகுப்பை முன்பே தரவிறக்கி வைத்திருந்தால் இணைப்பு இல்லாத இடத்திலும் இயங்குகிறது. பறவை திரையிலுள்ள கட்டத்தை நிறைக்கும்வரை படத்தைப் பெரிதாக்கி, எடுத்த இடத்தையும் தேதியையும் உறுதிசெய்தால், பொருந்தக்கூடிய பெயர்கள் மாதிரிப் படங்களோடு வருகின்றன.

ஒருமுறை இலைகளுக்கு நடுவே, வெளிச்சம் பின்னால் விழ, மார்பில் கீற்றுகளும் வாலில் பட்டைகளும் கொண்ட ஒரு பறவையை எடுத்திருந்தேன். வல்லூறு என்றே முடிவு செய்திருந்த எனக்குச் செயலி முதலில் காட்டியது அக்காக்குயிலை. வல்லூறு அதற்குக் கீழேதான் இருந்தது. நம்பிக்கையில்லாமல் படத்தை மீண்டும் பெரிதாக்கிப் பார்த்தபோது, கிளையைப் பற்றியிருந்த காலில் இரண்டு விரல்கள் முன்னும் இரண்டு பின்னுமாக இருந்தன. வல்லூறுக்கு முன்பக்கம் மூன்று விரல்கள் இருக்கும். அலகிலும் இரையைக் கிழிக்கும் அந்தக் கொக்கி வளைவு இல்லை. பிற பறவைகளின் கூட்டில் முட்டையிட்டுப் பிழைக்கும் குயிலுக்கு வேட்டைப் பறவையின் வேடம் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது என்று வியந்தேன். செயலி பெயரைச் சொன்னதைவிட, எந்த இரண்டு பறவைகளுக்கு இடையே வேறுபாடு தேட வேண்டும் என்று காட்டியதுதான் எனக்குப் பெரிய உதவி.

இடமும் தேதியும் வெறும் சம்பிரதாயம் அல்ல. உலகெங்கும் பறவை நோக்குவோர் ஈபேர்ட் தளத்தில் சேர்த்த பதிவுகளைக் கொண்டு, அந்த இடத்தில் அந்தப் பருவத்தில் எந்தெந்தப் பறவைகள் இருக்கக்கூடும் என்பதையும் மெர்லின் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. நண்பர் ஒருவர் குறுஞ்செய்திச் செயலி வழியாக அனுப்பிய, குளிர்காலத்தில் வலசை வரும் உள்ளான் ஒன்றின் படத்தில் தேதி, இட விவரங்கள் அழிந்துபோயிருந்தன. ஜனவரியில் எடுத்த அதற்கு நான் கவனமின்றி ஜூன் மாதத் தேதியைக் கொடுத்துவிட்டு, வந்த பெயர்களைப் பார்த்துக் குழம்பிக்கொண்டிருந்தேன். தேதியைத் திருத்தியதும் குழப்பம் தீர்ந்தது. வலசைப் பறவைகளின் படங்களுக்கு இந்தக் கவனம் கட்டாயம் தேவை.

கேமராவின் பின்திரையைக் கைபேசியால் எடுத்த படமும் பல நேரங்களில் போதுமானதாகவே இருக்கிறது. எடுக்கும்போதே எண்முறைப் பெரிதாக்கலில் (டிஜிட்டல் ஜூம்) இறகுகள் குழைந்துபோன படம் பயன்படுவதில்லை. வெளுத்த வானத்தின் முன் கருநிழலாகத் தெரியும் பறவையை எடுக்கும்போது ஒளியளவைச் சற்றுக் கூட்டிக்கொள்வது நல்லது. நிழலில் இல்லாத நிறத்தை எந்தச் செயலியாலும் ஊகிக்க இயலாது.

இலைக் கதிர்க்குருவிகளிடம் மட்டும் என் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டுவிட்டேன். நல்ல கேமராவில் எடுத்த படத்திலும் பச்சையும் பழுப்பும் கலந்த ஒரே சாயல்தான் தெரியும். அனுபவசாலிகளே அவற்றைக் குரலால்தான் பிரித்தறிகிறார்கள். பெரிய கடற்காகங்களின் இளம்பறவைகளும் இப்படித்தான்: முதிர்ந்த இறகமைப்பை எட்டச் சில இனங்களுக்கு நான்கு ஆண்டுகள் ஆகும் என்பதால், ஒரே இனம் வயதுக்கு ஒரு தோற்றம் காட்டும். இத்தகைய படங்களை, இயற்கை ஆர்வலர்கள் தாம் கண்ட உயிரினங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இட்டுப் பிறர் கருத்துக்குக் காத்திருக்கிறேன். அங்கே பெயரிட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் ஒத்துப்போனால்தான் பதிவு ஆய்வுத் தரம் பெறும். அதுவரை என் குறிப்பேட்டில் அந்தப் பறவை வெறும் ‘கதிர்க்குருவி’ என்றே இருக்கும்.