வார்ஹேமர் 40,000 அறிமுகப் பெட்டி: கை பழக நல்லது, ஆட்டம் பழகப் போதாது

நாட்டிங்ஹாமைச் சேர்ந்த கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம், 2023இல், சிறு உருவங்களை மேசைமேல் நகர்த்திப் பகடை உருட்டி மோதும் வார்ஹேமர் 40,000 என்ற போர் ஆட்டத்தின் பத்தாம் பதிப்போடு வெளியிட்ட தொடக்கப் பெட்டிகளில் மிகச் சிறியது இது. உள்ளே 16 உருவங்கள். ஒரு பக்கம் தீ உமிழும் துப்பாக்கி ஏந்திய ஐந்து இன்ஃபெர்னஸ் மரீன்கள் என்ற விண்வெளி வீரர்கள். எதிர்ப்பக்கம் டைரனிட் என்ற வேற்றுலக உயிரினப் படையின் பத்து டெர்மகன்ட்களும் ஒரு ரிப்பர் கூட்டமும். கூடவே வண்ணக் குப்பிகள், பிரஷ், கட்டர், பகடை, அளவுகோல், கையேடு.

உருவங்கள்தான் பெட்டியின் பலம். பசை வேண்டாம், அழுத்தினால் பொருந்திவிடும் என்கிறார்கள். பொருந்தும்தான், ஆனால் பல இடங்களில் மயிரிழை இடைவெளி தெரியும். முளை துளைக்குள் முழுதாக இறங்காததே காரணம். முளையின் நுனியைக் கொஞ்சம் நறுக்கிவிட்டு, பிளாஸ்டிக் மாடல்களுக்கான பசையை ஒரு சொட்டு வைத்து அழுத்துங்கள். அது பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டவைப்பதால் இணைப்புக்கோடு மறையும். சூப்பர் குளூ இந்த வேலைக்கு ஆகாது. கீழே விழுந்தால் தெறித்துவிடும். பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து அவற்றை எடுக்கும்போது ஒட்ட வெட்டாதீர்கள். முதலில் சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தை இரண்டாவது வெட்டில் எடுத்தால் பிளாஸ்டிக் வெளுக்காது, பள்ளமும் விழாது. அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் விழும் வார்ப்புக்கோட்டைச் சுரண்ட ஒரு கத்தி வேண்டும். அதைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். கத்தியின் முதுகுப்பக்கமே போதும்.

பெரிய குறை, வண்ணம் பிடிக்க முதலில் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமர் இல்லாதது. வெறும் பிளாஸ்டிக்கில் அடித்த வண்ணம், கையில் எடுத்து நகர்த்தி விளையாடும்போது முதலில் முனைகளில் உரியும். மேட் பிரைமர் ஸ்பிரேயை 20 முதல் 30 செ.மீ. தூரத்திலிருந்து மெல்லிய வீச்சாக அடியுங்கள். மழை நாளில் வேண்டாம். ஈரக்காற்றில் அடித்தால் மேற்பரப்பு சொரசொரத்துப்போகும், பிறகு எந்த வண்ணமும் அதைக் காப்பாற்றாது.

வண்ணத்தைக் குப்பியிலிருந்து நேராகப் பூசாமல், ஒரு பீங்கான் தட்டில் எடுத்துக் கொஞ்சம் நீர் கலந்து இரண்டு மெல்லிய பூச்சாகக் கொடுங்கள். பிரஷின் உலோகக் கழுத்துவரை வண்ணம் ஏறினால் முடி விரிந்து நுனி போய்விடும். குப்பி விளிம்பில் காயும் வண்ணத்தைத் துடைக்காவிட்டால் மூடி சரியாக மூடாது, உள்ளே இருப்பதும் இறுகிவிடும். டெர்மகன்ட்களை ஒவ்வொன்றாக முடிக்கப் பார்க்காதீர்கள். பத்துக்கும் ஒரே நிறம், பிறகு பத்துக்கும் அடுத்த நிறம் என்று போனால்தான் வேலை ஓடும்.

ஆட்டம் என்று வந்தால் சரக்கு குறைவு. டெர்மகன்ட்டின் ஆயுதம் 18 அங்குலம் பாயும். பத்தும் சுட்டால் சராசரியாக ஐந்து படும், மூன்று காயப்படுத்தும், மரீனின் 3+ கவசத்தை (பகடையில் 3 அல்லது அதற்கு மேல் விழுந்தால் காக்கும்) தாண்டி ஒன்றுதான் மிஞ்சும். மரீனுக்கோ இரண்டு உயிர்ப்புள்ளி, ஒன்று போனாலும் நிற்பார். மரீனின் தீத்துப்பாக்கி 12 அங்குலம்தான் என்றாலும், ஒவ்வொருவருக்கும் ஒரு பகடை எண்ணிக்கையில் அடி, அத்தனையும் தவறாமல் படும். ஐந்து பேரும் ஒரே சுற்றில் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டால் எதிரே அநேகமாகக் கூட்டமே இருக்காது. ஆக மொத்த ஆட்டமும் அந்த 12 அங்குலத்தை யார் எப்போது கடக்கிறார் என்பதில் முடிந்துவிடுகிறது. மறைவிடத்துக்கு நாலு புத்தகம், இரண்டு டப்பா வைத்துப் பாருங்கள், கொஞ்சம் உயிர் வரும்.

விதிகளுக்காகவும் இதை வாங்க வேண்டியதில்லை. பத்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை நிறுவனமே இலவச பிடிஎஃப் ஆகக் கொடுத்தது. எட்டாம் பதிப்பு 2017, ஒன்பதாவது 2020, பத்தாவது 2023 என்று மூன்றாண்டுக்கு ஒருமுறை விதிகள் மாறுகின்றன. கையேடு பழசாகிவிடும், உருவங்கள் அடுத்த பதிப்பிலும் களம் இறங்கும். பழைய இருப்பு மலிவாகக் கிடைத்தால் தயங்க வேண்டாம்.

பிரஷும் கட்டரும் வண்ணமும் ஏற்கெனவே வைத்திருப்பவர் இதை விட்டுவிட்டு, பிடித்த படையின் காம்பாட் பேட்ரோல் பெட்டிக்கே (ஒரு சிறு படை முழுதும் அடங்கியது) போகலாம். ஒரு பெட்டிக்கு ஒரு பெட்டி என்று மோதும் ஆட்டமுறை அதற்கென்றே இருக்கிறது. 44க்கு 30 அங்குல மேசை போதும்.