பிள்ளைகளோடு குடும்ப ஜெபத்துக்குப் பழைய திருப்புதல் சரிவருமா?

இந்திய வேதாகமச் சங்கம் அச்சிடும் பழைய திருப்புதல், ஹென்றி பவர் தலைமையில் 1871இல் முடிந்த தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு. சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபை வீடுகளில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். எட்டு வயதுப் பிள்ளையை உட்காரவைத்து வாசிக்க இது ஏற்றதா என்பதுதான் இங்கே கேள்வி.

மனப்பாடத்துக்கு இதை அடிக்க ஆளில்லை. "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்பது ஒருமுறை நாவில் ஏறினால் இறங்காது. ஓய்வுநாள் பள்ளி வசனப் போட்டியிலும் பெரும்பாலும் இந்தச் சொற்களைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

கதை வாசிக்கத்தான் சிரமம். ஒவ்வொரு வசனமும் தனி வரியில் தொடங்குவதால் சம்பவம் துண்டு துண்டாகிறது. பிள்ளை எண்ணைப் பார்த்து நின்று நின்று வாசிக்கும். சிருஷ்டித்தார், ஸ்திரீ, ஜலம் போன்ற சொற்களை விளக்கிவிடலாம், அது பெரிய தொல்லை இல்லை. பெரிய தொல்லை, தெரிந்த சொல்போல் தோன்றிப் பொருள் மாறி நிற்பவை. அவை பிள்ளை வளர்ப்பு வசனங்களிலேயே குவிந்திருக்கின்றன.

எபேசியர் 6:4இல் "கர்த்தருக்கேற்ற சிட்சையிலும் போதனையிலும்" வளர்க்கச் சொல்கிறது. இன்றைய காதுக்குச் சிட்சை என்றால் அடி. ஆனால் அது 'சிக்ஷா' என்ற வடசொல்லின் வழி வந்தது. பயிற்றுவிப்பதும் அதன் பொருள். கிரேக்க மூலத்தில் உள்ள 'பைதேயா'வும் பிள்ளையைப் பயிற்றி வளர்ப்பதையே குறிக்கும். அதே வசனத்தின் முதல் பாதி, "கோபப்படுத்தாமல்" என்று அப்பாவுக்குத்தான் கட்டளையிடுகிறது. வீடுகளில் அதிகம் விழுங்கப்படும் பாதி அது.

நீதிமொழிகள் 13:24 இன்னும் சிக்கல்: "அன்பாயிருக்கிறவனோ அவனை ஏற்கனவே தண்டிக்கிறான்." இங்கே ஏற்கனவே என்றால் காலத்தோடே, வேளையோடே என்று பொருள். 'தண்டிக்கிறான்' என்பதற்கு அடியில் உள்ள எபிரெயச் சொல் 'மூசார்'. அதே சொல் 1:8இல் "தகப்பன் புத்தி" என்று வருகிறது. இதே வசனத்தின் முதல் பாதியில் பிரம்பு என்று வருவதற்கான மூலச் சொல்லோ, 23ஆம் சங்கீதத்தில் நம்மைத் தேற்றும் கோல். இந்த மூன்று வசனங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால், பிரம்பு மட்டும் தனியே நிற்காது. அதற்காக நீதிமொழிகள் 23:13ஐ மழுப்பவும் முடியாது. அங்கே அடிப்பதைப் பற்றியே பேச்சு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல் தண்டனையைத் தடைசெய்த நாட்டில், அந்த வசனத்தைப் பிள்ளை முன் வெறுமனே வாசித்துக் கடந்துபோவது நேர்மையல்ல. நின்று பேசவேண்டும்.

துணைக்குத் திருவிவிலியம் (1995) என்ற புதிய மொழிபெயர்ப்பை வைத்துக்கொள்ளலாம். எபேசியர் வசனம் அதில் "எரிச்சல் மூட்டாதீர்கள்" என்று வருகிறது. பிள்ளைக்கு உடனே புரியும், அப்பாவுக்குச் சுருக்கென்று தைக்கும். வாசகம் பத்தியாக ஓடுகிறது, உட்தலைப்புகளும் உண்டு. ஆனால் கர்த்தர் ஆண்டவராகவும், பரிசுத்த ஆவி தூய ஆவியாகவும், நடபடிகள் திருத்தூதர் பணிகளாகவும் மாறுவதால் சின்னப் பிள்ளைகள் குழம்புவார்கள். அதன் கத்தோலிக்கப் பதிப்பில் பழைய திருப்புதலைவிட அதிகமாக, 73 நூல்கள் இருப்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

வாசிக்கும் முறை: கதையைத் திருவிவிலியத்தில், மனன வசனத்தைப் பழைய திருப்புதலில். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள், 16 அதிகாரம்தான். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு வசனம் போதும். ஆதியாகமத்தில் தொடங்கி வரிசையாகப் போகிறவர்கள் லேவியராகமத்தில் படுத்துவிடுகிறார்கள். நியாயாதிபதிகள் 19ஆம் அதிகாரம் சிறுவர்களுக்கு வேண்டாம். நீதிமொழிகளுக்கு 31 அதிகாரம் என்பதால் தேதிக்கு ஒன்று என்று பலர் பிரிப்பார்கள். பிள்ளைகளுக்கு அது அதிகம், அதிகாரத்துக்கு இரண்டே வசனம் எடுங்கள். தூங்கி வழியும் இரவுக்குச் சங்கீதம் 117 இருக்கிறது, மொத்தமே இரண்டு வசனம்.

வாங்கும்போது எழுத்தின் அளவைப் பாருங்கள். கையடக்கப் பதிப்பில் பொடி எழுத்து. விரல் வைத்து வாசிக்கும் பிள்ளை வரி தவறிவிடும். தாள் மெல்லியது, பால்பாயிண்ட் பேனாவில் அழுத்திக் கோடு போட்டால் மறுபக்கம் தெரியும். பென்சில் கொடுங்கள்.